கணக்கும் கயிறும்

இரவு பதினொரு மணிக்கு மேல் செம்பூரிலிருந்து டிராம்பே போகும் சாலையோரம், தாழ்ந்த தளம் கொண்ட லோபெட் டிரெய்லர் ஒன்று புறப்படத் தயாராக நிற்கிறது. நெரிசல் நேரங்களில் கனரக வண்டிகளுக்கு மும்பைச் சாலைகளில் தடை உண்டு. அவற்றின் பொழுது இரவில்தான் விடிகிறது. டிரெய்லரின் மேல் முப்பது டன் எந்திரம் ஏறி உட்கார்ந்திருக்கிறது. இருபது வயது நிரம்பாத கிளீனர் ஒருவன் கையில் இரும்புக் கம்பியோடு வண்டியைச் சுற்றி வருகிறான். கட்டியிருக்கும் ஒவ்வொரு வயர்ரோப்பையும் கம்பியால் ஒரு தட்டுத் தட்டுகிறான். இறுகியிருந்தால் ‘ணங்’ என்று கேட்கும். தளர்ந்திருந்தால் சத்தம் செத்துப் போகும். நாலாவது கயிறு மந்தமாக ஒலிக்கிறது. கயிற்றை இறுக்கும் திருகான டர்ன்பக்கிளுக்குள் கம்பியை நுழைத்து இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, மறுபடி தட்டிப் பார்க்கிறான்.

“சரியா இருக்குதுங்களாண்ணே?”

“இன்னும் அரைச் சுத்து குடு தம்பி. கண்டாலாவுல ஏறும்போது அதுதான் மொதல்ல தளரும்.”

மேலே உட்கார்ந்திருக்கும் மண் தோண்டும் எந்திரத்தின் பெயருக்கே ஒரு வரலாறு உண்டு. இன்று தமிழ்நாட்டில் அதை ‘ஹிட்டாச்சி’ என்பார்கள். கொஞ்சம் மூத்தவர்கள் ‘பொக்லைன்’ என்பார்கள். பொக்லைன் ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் பெயர். அதன் எந்திரங்களை இந்தியாவில் தயாரித்து விற்றது, 1938இல் இரண்டு டேனிஷ் பொறியாளர்கள் மும்பையில் தொடங்கிய லார்சன் அண்ட் டூப்ரோ. கம்பெனிப் பெயர் எந்திரத்தின் பெயராகி, நம் ஊர்ப் பத்திரிகைச் செய்திகளில் ‘பொக்லைன் மூலம் ஆக்கிரமிப்பு அகற்றம்’ என்று இன்றும் வந்துகொண்டிருக்கிறது. அந்த எந்திரம் சங்கிலிப் பட்டையில் நகர்வது. தார்ச்சாலையில் ஓட்டினால் சாலையும் கெடும், பட்டையும் தேயும். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போக வேண்டுமானால் இன்னொரு வண்டியின் முதுகில்தான் போக வேண்டும். அப்படிப் போகும்போது அதை முதுகிலேயே இருத்தி வைப்பது எப்படி என்பதுதான் இந்தத் தொழிலின் முதலும் முடிவுமான கேள்வி.

முப்பது டன் எடை தானாக நகராது, யாரால் தள்ள முடியும் என்று பார்க்கிறவருக்குத் தோன்றும். வண்டி ஓடும்போது நகர்வது எடை இல்லை, வேகம். டிரைவர் பிரேக்கை மிதித்தால் வண்டி நிற்கும்; மேலே இருப்பது அதே வேகத்தில் முன்னால் போகப் பார்க்கும். கடுமையான பிரேக்கில் சுமை தன் எடையில் பத்தில் எட்டுப் பங்கு விசையோடு முன்னால் தள்ளும் என்று வைத்துத்தான் அமெரிக்கச் சாலை விதிகளும் ஐரோப்பியத் தரக் கணக்குகளும் எழுதப்பட்டுள்ளன. முப்பது டன்னுக்கு அது இருபத்து நாலு டன். வளைவில் பக்கவாட்டில் பாதி எடை, அதாவது பதினைந்து டன். இருபத்து நாலு டன் முன்னால் பாய்ந்தால் அங்கே இருப்பது டிரைவரின் கேபின். கட்டுகிறவன் தன் முதுகைக் காக்கத்தான் கட்டுகிறான்.

இந்தக் கணக்கு எழுதப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே பம்பாயில் பாரம் நகர்ந்துகொண்டிருந்தது.

இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தானேவுக்கு ஓடியது எல்லோருக்கும் தெரியும். அதற்கு ஓராண்டு முன்பே, 1852 பிப்ரவரியில், தண்டவாளம் போடும் வேலைக்காக ஓர் எஞ்சின் பம்பாயில் ஓடத் தொடங்கிவிட்டது. அன்றைய கவர்னரின் பெயரால் அதை ஃபாக்லண்ட் என்றார்கள். கப்பலில் வந்து இறங்கிய அந்த எஞ்சினைத் தண்டவாளம் இருக்கும் இடம்வரை கொண்டு சேர்க்கத் தண்டவாளம் இல்லை. கூலிகள் கயிறு கட்டித் தெரு வழியே இழுத்துப் போனார்கள். பம்பாயில் ரயில் யுகத்தின் முதல் எஞ்சின் மனிதத் தோள்களின் பலத்தில் வந்தது என்பதைப் பாடப்புத்தகங்கள் அழுத்திச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. எஞ்சினைச் செய்தவர்கள், வாங்கியவர்கள், பெயர் கொடுத்தவர் எல்லோருக்கும் வரலாற்றில் இடம் இருக்கிறது. எந்தக் கயிற்றை எங்கே முடிந்து, எத்தனை பேர் எந்தப் பக்கம் நின்று இழுத்தால் அது பக்கத்துச் சாக்கடையில் சாயாமல் போகும் என்று முடிவு செய்த ஒருவன் அங்கே இருந்திருப்பான். அவன் பெயர் இல்லை.

அவனைப் போன்றவர்கள் பிழைத்த இடம் துறைமுகம். 1875இல் சசூன் டாக், 1880இல் பிரின்சஸ் டாக், 1888இல் விக்டோரியா டாக், 1914இல் அலெக்சாண்ட்ரா டாக் என்று பம்பாயின் கிழக்குக் கரை நாற்பது ஆண்டுகளுக்குள் கல்லும் இரும்புமாக மாறியது. பாரம் ஏற்றி இறக்கும் வேலைக்கென ஒரு மொழியே அங்கே உருவானது. கலாசி, சாரங்கு, தண்டல், முகாதம் என்ற சொற்கள் எந்த ஒரு மொழிக்கும் முழுச் சொந்தமில்லை. கொங்கண் கரையோரத்தவர், மலபார் மாப்பிளைகள், குஜராத்திகள், தெலுங்கர்கள், திருநெல்வேலிச் சீமையிலிருந்து போனவர்கள் எல்லோரும் கலந்த இடத்தில் அவை புழங்கின. தூத்துக்குடித் தோணிகளில் தலைமைக்காரரைத் தண்டல் என்றுதான் சொல்வார்கள். பம்பாய்க் கப்பல்களில் ஆங்கிலேயர்கள் ‘டிண்டல்’ என்று எழுதி வைத்ததும் இதே சொல்தான். கலாசி என்ற சொல் கப்பலிலிருந்து இறங்கி ரயில்வேக்குள் போய், பட்டறைகளிலும் பணிமனைகளிலும் ஒரு பதவிப் பெயராகவே வெகுகாலம் இருந்தது.

மலபாரின் பேப்பூர்க் கரையில் உரு கட்டும் மாப்பிளைக் கலாசிகளின் புகழ் தனி. ஆயிரக்கணக்கான மணங்கு எடையுள்ள மரக்கலத்தைக் கப்பியும் கயிறும் உருளைக்கட்டையும் கொண்டு ஆற்றில் இறக்குகிறவர்கள் அவர்கள். 1988 ஜூலை 8 அன்று கொல்லம் அருகே பெருமண் பாலத்திலிருந்து ஐலண்ட் எக்ஸ்பிரஸ் அஷ்டமுடிக் காயலுக்குள் விழுந்தபோது, மூழ்கிய பெட்டிகளைக் கரையேற்றும் வேலையில் இந்தக் கலாசிகளின் கையும் இருந்தது. கிரேன் நிற்க இடமில்லாத சேற்றில் கயிறு பிடித்து நிற்க அவர்களுக்குத் தெரியும்.

திருநெல்வேலிக்காரர்களும் பாரத்தின் பாடத்தை ஊரிலேயே படித்து வந்தவர்கள். தாராவித் தமிழர்களில் பெரும்பகுதியினரின் பூர்வீகம் நெல்லைச் சீமை. தோல் பதனிடும் கொட்டகைகள், துறைமுகம், ரயில்வே, ஆலைகள் என்று கிடைத்த வேலைக்குப் போனவர்கள். ஆண்டுதோறும் ஆனி மாதத்தில் அவர்களுடைய ஊரில் நெல்லையப்பர் தேர் ஓடும். ஆயிரக்கணக்கானோர் வடம் பிடிக்கிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரிகிற காட்சி. தேரின் சக்கரத்தடியில் நடக்கிற வேலை அவ்வளவாகத் தெரியாது. முட்டுக்கட்டை போடுகிறவர்கள் சக்கரத்தோடு சக்கரமாக ஓடுகிறார்கள். தேர் நேரே போக வேண்டுமா, திரும்ப வேண்டுமா, நிற்க வேண்டுமா என்பதை முன்னால் இழுக்கிற கூட்டம் தீர்மானிப்பதில்லை; சக்கரத்துக்கு முன்னால் சரியான கணத்தில், சரியான கோணத்தில் செருகப்படும் ஒரு மரக்கட்டை தீர்மானிக்கிறது. கட்டையைப் போட்ட கை அதே நொடியில் பின்வாங்க வேண்டும். இன்று ‘முட்டுக்கட்டை போடுகிறார்கள்’ என்று அரசியல் செய்திகளில் தடையைக் குறிக்கிற அந்தச் சொல், பாரத்தை அடக்குகிற தொழில்நுட்பத்தின் பெயர்.

லோபெட் டிரெய்லரில் எந்திரத்தின் பட்டைக்கு முன்னும் பின்னும் அடித்து வைக்கிற ஆப்பும் அதே கட்டைதான். திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது திருச்சி பெல் நிறுவனம் என்பது இங்கே நினைவுக்கு வருகிறது. கொதிகலன் செய்கிற ஆலைக்கும் தேருக்கும் என்ன உறவு என்று கேட்கத் தோன்றாது. நூற்றுக்கணக்கான டன்னைச் சாலையில் நகர்த்துவதும் நிறுத்துவதும் இரண்டுக்கும் பொது.

மாட்டுங்காவில் இன்னொரு தமிழர் கூட்டம் குடியேறியது. படித்தவர்கள், ரயில்வேயிலும் வங்கிகளிலும் கணக்கு எழுதியவர்கள், பிறகு பொறியாளர்கள். 1887இல் தொடங்கிய விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்பக் கல்லூரி 1923இல் மாட்டுங்காவுக்கு இடம் மாறியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1915இல், ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கும் பெரிய பட்டறையும் மாட்டுங்காவில் வந்துவிட்டது. விசை, உராய்வு, கோணம் என்று கரும்பலகையில் எழுதுகிறவர்கள் ஒரு பக்கம். கயிற்றைத் தோளில் சுமந்து போகிறவர்கள் சில தெருக்கள் தள்ளி, தாராவியில். இரண்டு பேரும் தமிழ் பேசினார்கள். ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குப் போய்ச் சேர வெகுகாலம் ஆனது.

இருவரும் ஒரே இடத்தில் நிற்க நேர்ந்தது டிராம்பேயில். நாடு விடுதலை பெற்ற பின் பதின்மூன்றே ஆண்டுகளில் செம்பூருக்குக் கிழக்கே இருந்த சேற்று நிலமும் குன்றும் அடையாளம் தெரியாமல் மாறின. 1954இல் ஸ்டான்வாக் சுத்திகரிப்பு ஆலை, 1955இல் பர்மா ஷெல் ஆலை, 1956இல் டாடாவின் அனல் மின் நிலையம், அதே ஆண்டு ஆகஸ்ட் 4 அன்று ஆசியாவின் முதல் அணு உலைகளில் ஒன்றான அப்சரா, 1960இல் கனடா உதவியோடு சைரஸ். எண்ணெய் ஆலையின் வடிகோபுரம், மின் நிலையத்தின் டிரான்ஸ்பார்மர், அணு உலைக்கான கலன் என்று வந்தவை எதுவும் மாட்டு வண்டிக்கோ சாதாரண லாரிக்கோ அடங்காது. வரைபடத்தில் ஒரு பொருளின் எடை மையம் எங்கே இருக்கிறது என்று பொறியாளர் புள்ளி வைப்பார். அந்தப் புள்ளி டிரெய்லரின் எந்த இடத்துக்கு மேலே வர வேண்டும் என்பதைக் கலாசி தன் கண்ணால் பார்த்துச் சொல்வார். நல்ல பொறியாளர் தன் புள்ளியையும் அந்தக் கண்ணையும் ஒத்துப் பார்ப்பார்.

லாரித் தொழிலில் இந்தப் படிப்புக்குப் பள்ளிக்கூடம் கிளீனர் வேலை. சேலம், நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்திலிருந்து கிளம்பி மும்பை கலம்போலி வரை போய் வரும் வண்டிகளில் பையன்கள் ஏறுவார்கள். கலம்போலியில்தான் நகருக்குள் இருந்த இரும்புச் சந்தை இடம் பெயர்ந்து குடிகொண்டது. தகடும் கம்பியும் காயிலும் ஏற்ற நாடு முழுவதிலிருந்தும் டிரெய்லர்கள் வந்து நிற்கும் இடம். பையனுக்கு முதல் பாடம் தார்ப்பாய் மடிப்பது. அடுத்து கயிறு. கயிற்றின் நடுவில் ஒரு வளையம் போட்டு, முனையை அதற்குள் நுழைத்துக் கீழே இழுத்தால் கையின் பலம் பெருகும். அந்த முடிச்சை எந்தச் சுமைக்காரர் முதலில் போட்டார் என்று தேடவே முடியாது. உலகம் முழுவதும் லாரிக்காரர்கள் அதைப் போடுகிறார்கள். டிரைவர் உரிமத் தேர்வில் எட்டுப் போடச் சொல்வார்கள், ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கச் சொல்வார்கள். சுமையைக் கட்டிக் காட்டு என்று யாரும் கேட்பதில்லை. அதனால் அந்தப் பாடம் முழுவதும் கைக்குக் கைதான் போகிறது. நல்ல கையிடம் மாட்டினால் நல்ல பாடம், அவசரக்காரரிடம் மாட்டினால் அவசரப் பாடம்.

சில பாடங்களைக் கிட்ட நின்று பார்த்தால்தான் அவற்றின் நுட்பம் தெரியும். வயர்ரோப்பின் முனையை மடித்து வளையமாக்க யூ கிளாம்ப் போடுவார்கள். அதில் இரண்டு பக்கம்: ஒன்று வளைந்த கம்பி, மற்றது பள்ளம் வெட்டிய அடித்தட்டு. இழுவை தாங்கும் நீளக் கயிற்றின் மேல் அடித்தட்டு உட்கார வேண்டும். வெட்டி விடப்பட்ட குட்டை முனையின் மேல் கம்பி வர வேண்டும். மாற்றிப் போட்டாலும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், நட்டும் அதே அளவு இறுகும். ஆனால் கம்பியின் வளைவு, பாரம் தாங்க வேண்டிய கயிற்றையே கடித்து நசுக்கியிருக்கும். அறுந்த பிறகுதான் தெரியும். வயர்ரோப் பழையதா என்று பார்க்க ஒரு கைப்பிடி வேஸ்ட் துணியைச் சுற்றிக் கயிற்றின் மேல் இழுத்துக்கொண்டே போவார்கள். எங்கே துணி மாட்டுகிறதோ அங்கே உள்ளிழை அறுந்து முள்ளாக நிற்கிறது. வெறுங்கையால் தடவிப் பார்த்தவர்களின் உள்ளங்கைகளில் தழும்பு இருக்கும்.

கோணமும் அப்படித்தான். சுமைக்கு மேலாகக் கயிற்றைப் போட்டு இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டினால், அது சுமையைத் தளத்தோடு அழுத்துகிறது. கயிறு செங்குத்தாக இறங்கினால் இறுக்கிய விசை முழுவதும் அழுத்தமாகும். தளத்தோடு முப்பது பாகைக் கோணத்தில் சாய்ந்து போனால் பாதிதான் அழுத்தம். அதே கயிறு, அதே டர்ன்பக்கிள், அதே வியர்வை, பலன் பாதி. சாய்ந்த கட்டு முன்னும் பின்னும் இழுத்துப் பிடிக்க நல்லது, அழுத்திப் பிடிக்க உதவாது. எதற்காகக் கட்டுகிறோம் என்று தெரியாமல் கட்டினால் கயிறுகளின் எண்ணிக்கை கூடும், பிடிப்பு கூடாது. இரும்புத் தளத்தின் மேல் இரும்புப் பட்டையை வைப்பதும் அதே வகைத் தவறு. இடையில் எண்ணெய்ப் பிசுக்கோ மழை நீரோ இருந்தால் அது சறுக்குப் பலகை. அதனால்தான் ஸ்லீப்பர் கட்டையோ ரப்பர் விரிப்போ போடுகிறார்கள். மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்கிற மழையில் இந்தப் பாடத்தை மறந்தவர்கள் பிழைப்பது அபூர்வம்.

அமெரிக்க விதிகள் கனரக எந்திரத்துக்கு என்று தனியாக ஒரு பகுதி வைத்திருக்கின்றன. பத்தாயிரம் பவுண்டு, அதாவது ஏறக்குறைய நாலரை டன்னுக்கு மேற்பட்ட எந்திரமானால் குறைந்தது நாலு இடங்களில் கட்ட வேண்டும். கொட்டுவாளி, கை போன்ற ஆடும் உறுப்புகளை முழுவதும் இறக்கித் தனியாகப் பிணைக்க வேண்டும். கட்டுகளின் மொத்தத் தாங்குதிறன் சுமையின் எடையில் பாதிக்குக் குறையக் கூடாது. இதைப் படித்துக் காட்டினால் நம் மேஸ்திரிகளுக்கு ஆச்சரியம் ஏதும் இருக்காது. கையை மரக்கட்டையின் மேல் இறக்கி, வாளியை மடக்கி, உடல் சுழலாமல் பின் போட்டு, எஞ்சினை அணைத்த பிறகு நெம்புகோல்களை ஒருமுறை அசைத்து எண்ணெய் அழுத்தத்தை வெளியேற்றிவிட்டுத்தான் நல்ல ஆப்பரேட்டர் கீழே இறங்குவார். அழுத்தம் உள்ளே நின்றால் வழியில் கை மெல்ல இறங்கும், கட்டு தளரும். சுழல் பூட்டை மறந்தால் வளைவில் எந்திரத்தின் மேல்பாதி திரும்பி எதிரே வருகிற பேருந்தை அறையும்.

இந்தத் தொழிலின் போக்கைத் திருப்பியது ஒரு பெட்டி. 1956 ஏப்ரல் 26 அன்று அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து ஐடியல் எக்ஸ் என்ற கப்பல் 58 பெட்டிகளோடு ஹூஸ்டனுக்குக் கிளம்பியது. கன்டெய்னர் யுகத்தின் தொடக்கம் அது. பெட்டியின் நாலு மூலைகளிலும் துளையுள்ள வார்ப்பு. டிரெய்லரின் நாலு மூலைகளிலும் திருகுப்பூட்டு. வைத்துத் திருகினால் தீர்ந்தது. 1989இல் நவசேவாவில் ஜவாஹர்லால் நேரு துறைமுகம் திறந்ததும் மும்பையின் சரக்குப் போக்குவரத்து மெல்ல மெல்லக் கடலுக்கு அப்பால் நகர்ந்தது. பம்பாய் டாக்குகளில் மூட்டையையும் பேலையும் எந்திரத்தையும் வேறு வேறாகக் கட்டத் தெரிந்திருந்தவர்களின் தேவை குறைந்தது. துறைமுகத் தொழிலாளர் தலைவர் பி. டிமெல்லோவின் பெயர் தாங்கிய சாலை டாக்குகளை ஒட்டி இன்னும் இருக்கிறது. அந்தச் சாலையை நிறைத்த கூட்டம் இல்லை.

பெட்டிக்குள் அடங்காத பொருட்கள் மட்டும் மிஞ்சின. லாரிக்காரர்கள் அவற்றை ஓடிசி (ஓவர் டைமென்ஷனல் கார்கோ) என்பார்கள். சட்டம் அனுமதிக்கிற அகலம் 2.6 மீட்டர், அதைத் தாண்டினாலே தனி அனுமதி, முன்னும் பின்னும் காவல் வண்டி, சிவப்புக் கொடி. கட்டும் கலை முழுவதும் இப்போது இந்த ஓடிசி வண்டிகளில்தான் குடியிருக்கிறது.

அப்படி ஒரு வண்டி 2019 ஜூலை 8 அன்று மும்பைக்கு அருகிலுள்ள அம்பர்நாத்திலிருந்து கிளம்பியது. போக வேண்டிய இடம் திருவனந்தபுரத்தின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம். ஏற்றியிருந்தது விண்கலப் பாகங்களை வெப்பத்திலும் அழுத்தத்திலும் இறுக வைக்கும் பிரம்மாண்டக் கலன். எடை 70 டன், உயரம் ஏழரை மீட்டர், அகலம் ஆறரை மீட்டருக்கும் மேல். வண்டிக்கு 74 சக்கரம், கூடவே 32 பேர். சராசரியாக நாளுக்கு ஐந்து கிலோமீட்டர் போனார்கள். மின்கம்பியை அவிழ்த்து, மரக்கிளையை வெட்டி, பாலத்தைச் சோதித்து நகர வேண்டும். நடுவில் கொரோனா ஊரடங்கு வந்து ஆந்திரத்தில் வண்டி நின்றது. திருவனந்தபுரம் போய்ச் சேர்ந்தது 2020 ஜூலையில். ஒரு வருடம் முழுக்க ஒரு சுமையைக் கட்டிய கட்டு தளராமல் காத்தவர்கள் அந்த 32 பேர். வெயிலில் வயர்ரோப் நீளும், இரவில் சுருங்கும், மழையில் மரக்கட்டை ஊதும், காய்ந்தால் சுருங்கும். அவர்கள் நாள்தோறும் கட்டைப் பார்த்திருக்க வேண்டும். விண்வெளியில் ஏதாவது ஒரு கலன் வெற்றியாகச் சுற்றும்போது அதில் இந்த மனிதர்களின் பங்கும் இருக்கிறது என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் இதைவிடப் பெரிய காட்சியை மக்கள் தெருவில் நின்று பார்த்தார்கள். வந்தவாசி அருகே கொரக்கோட்டையில் வெட்டியெடுத்த ஒற்றைப் பாறை, பெங்களூரு ஈஜிபுராவின் கோதண்டராமர் கோயிலுக்குப் பெருமாள் சிலையாகப் போனது. 64 அடி நீளம், முந்நூறு டன்னுக்கு மேல் எடை, 240 டயர் பூட்டிய டிரெய்லர். முதல் முயற்சிகளில் டயர்கள் வெடித்தன, சக்கரம் மண்ணில் புதைந்தது. செஞ்சிக் கடைத்தெருவில் நுழைய வழி இல்லாமல் கட்டடங்களின் முகப்பை இடித்தார்கள். கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் பாலங்களை நம்பாமல் ஆற்றுக்குள் மண்சாலை போட்டுக் கடந்தார்கள். 2018 கடைசியில் கிளம்பியது 2019 ஜூனில் பெங்களூரு சேர்ந்தது. வழி நெடுக மக்கள் கற்பூரம் ஏற்றினார்கள். கும்பிட்டவர்கள் பாறையைப் பார்த்தார்கள். வண்டியோடு வந்தவர்கள் பாறைக்கும் தளத்துக்கும் இடையே இருந்த கட்டைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள்.

இத்தகைய வண்டிகளின் அடியில் இருக்கும் ஹைட்ராலிக் ஆக்சில் தேர்ச்சக்கரத்திலிருந்து ஒரு பெரிய தாண்டல். ஒவ்வோர் ஆக்சிலையும் எண்ணெய்க் குழாய் இணைக்கிறது. ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் எண்ணெய் அங்கே பாய்ந்து அதைக் கீழே நீட்டும். மேட்டில் ஏறினால் சுருங்கும். எடை எல்லாச் சக்கரங்களுக்கும் சமமாகவே பிரியும். சாலை ஒரு பக்கம் சரிந்திருந்தால் ஆப்பரேட்டர் மறுபக்கத்தை இறக்கித் தளத்தை மட்டமாக வைப்பார். இந்த வண்டிகளுக்கும் அடங்காத பாரமானால் சாலையே கைவிட்டுவிடும். கல்பாக்கம் அதிவேக ஈனுலையின் முதன்மைக் கலன் ஏறக்குறைய 13 மீட்டர் விட்டம். எந்தத் தொழிற்சாலையில் செய்தாலும் கொண்டுவர முடியாது என்பதால் உலை வளாகத்திலேயே கொட்டகை போட்டுச் செய்தார்கள்.

மும்பைக்குள் பெரிய பாரம் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. கொலாபாவிலிருந்து சீப்ஸ் வரை 33.5 கிலோமீட்டர் நிலத்தடி மெட்ரோவுக்காக 17 சுரங்கம் குடையும் எந்திரங்கள் நகருக்குள் வந்தன. ஆறரை மீட்டருக்கு மேல் விட்டம் கொண்ட அவை துண்டு துண்டாக லோபெட்களில் ஊர்ந்து வந்து, குழிகளுக்குள் இறங்கின. தாராவிக்கு அடியிலும் அவை குடைந்து போயின. துறைமுகத்தில் கயிறு பிடித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தாராவி ஸ்டேஷனில் ரயில் ஏறுகிறார்கள்.

சட்டமும் மெல்ல வந்து சேர்ந்தது. வண்டிக்கு வெளியே கம்பி நீட்டிக்கொண்டு போவதற்கு இருந்த அனுமதி 2014இல் நீக்கப்பட்டது. அதற்கு முன் எத்தனையோ இரவுகளில் பின்னால் வந்த பைக்கும் காரும் அந்தக் கம்பிகளில் செருகிக்கொண்டன. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் சுமை வண்டியின் உடலைத் தாண்டி நீண்டால் இருபதாயிரம் ரூபாய் அபராதம் என்றது. நல்ல சட்டங்கள்தான். அபராதம் எழுதப்படும் கணத்தில் எதிரே நிற்பது டிரைவர் என்பதும், ஏற்றச் சொன்னவர் அங்கே நிற்பதில்லை என்பதும் மாறவில்லை. ஏற்றுமிடத்திலேயே, ஏற்றுகிறவரின் கையெழுத்தோடு கட்டைச் சோதிக்கும் வழக்கம் எல்லா இடங்களிலும் வந்தால் பல உயிர்கள் மிஞ்சும்.

செம்பூரில் கிளம்பிய வண்டி நள்ளிரவு தாண்டி வாஷி பாலம், பன்வேல் கடந்து கோபோலி வருகிறது. சுமார் அறுபது கிலோமீட்டர். கிளம்பிய எண்பது கிலோமீட்டருக்குள் ஒருமுறை நிறுத்திக் கட்டுகளைச் சோதிக்க வேண்டும் என்று அமெரிக்க விதி சொல்கிறது. அதைப் படிக்காதவர்களும் இங்கே நிறுத்துகிறார்கள், ஏனென்றால் இதற்கு மேல் மலை. 1830இல் கவர்னர் ஜான் மால்கம் திறந்து வைத்த போர் காட் சாலையின் வழி இது. மேலே கண்டாலாவில் அதே 1830ஆம் ஆண்டுப் பாலம் ஒன்று நூற்று தொண்ணூறு ஆண்டுகள் குறுக்கே நின்று உயரமான சுமைகளை வாட்டியது. அதன் அருகே இருந்த விளம்பரப் பலகையால் அமிர்தாஞ்சன் பாலம் என்றே பெயர். 1893இல் நாகேஸ்வர ராவ் பம்பாயில் தொடங்கிப் பின்னர் சென்னைக்குக் கொண்டுவந்த அதே அமிர்தாஞ்சன்தான். 2020 ஏப்ரலில், ஊரடங்கில் சாலை காலியாக இருந்த நாட்களில், அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

ஏற்றத்தில் சுமை பின்னால் சாயும். அதுவரை பின்கட்டு தாங்கியதை முன்கட்டு தாங்க ஆரம்பிக்கும். டிரைவர் கடையில் டீ வாங்கிக்கொண்டு டயர்களைப் பார்க்கப் போகிறார். பையன் இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு இடப்பக்கத்திலிருந்து தொடங்குகிறான். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றும் ‘ணங்’. நாலாவதைத் தட்டிவிட்டு ஒரு கணம் நிற்கிறான். அண்ணனைக் கூப்பிடாமல் தானே டர்ன்பக்கிளில் கம்பியை நுழைத்து அரைச் சுற்றுக் கொடுக்கிறான், மறுபடி தட்டிக் காதை அருகே கொண்டுபோகிறான்.